கிளார்க்ஸ்பர்க்கில் வீடு பார்க்கும் உன் மகளுக்கும் சேர்த்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும்தான் மனசு லேசானது. மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே. தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். குளிர் விட்டுவிட்டது. கொல்லையில் வெந்தயக்கீரை விதைத்திருக்கிறேன், மான் விட்டு வைத்தால் குழம்புக்கு ஆகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கே மேரிலாந்தில், கிளார்க்ஸ்பர்க்கில் வீடு பார்க்கிறார்கள் என்றும், நான் பக்கத்து ஜெர்மன்டவுனில் இருப்பதால் இடம் எப்படி என்றும் கேட்டிருந்தாய். நல்ல இடம். நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிவிட்டார்கள், பேரன் பேத்தி வந்தால் விளையாடத் துணைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால், மான்ட்கோமரி கவுண்டியின் திட்டத் துறை அந்த ஊரைப் பற்றி எழுதி வைத்திருப்பதை அவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். வீடு காட்டுகிற ஏஜென்ட் சமையல் மேடையின் கல்லைத் தடவிக் காட்டுவார். எதிரே காலியாகக் கிடக்கும் நிலத்தில் பத்து வருஷம் கழித்து என்ன வரும் என்பது அந்த அறிக்கையில்தான் இருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. கூட்டம் நடக்கிறது என்றால் போய் உட்கார்ந்துவிடுவேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள், ஆனால் ஆட்சியர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த 11 பேர் கொண்ட மன்றம், நிர்வாகத்துக்குத் தனியாகத் தேர்ந்தெடுத்த ஒருவர். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் சோளம் என்று தீர்மானிப்பது மன்றம். அதற்கு முன்னால் ஆய்வு செய்து கொடுக்க, பக்கத்து பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிக்கும் சேர்த்து 1927ல் ஏற்படுத்திய ஆணையம் இருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை கார், எந்த ஓடைக்கு எவ்வளவு மழைநீர் என்று கணக்குப் போட்டு வரைபடத்தோடு கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

இதன் வேர் 1964ல் போட்ட பொதுத் திட்டத்தில் இருக்கிறது. 1950ல் இங்கே 1,64,401 பேர். 1960ல் 3,40,928. பத்தே வருஷத்தில் இரண்டு மடங்கு! வாஷிங்டனில் வேலை, இங்கே வீடு என்று சனம் கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது சொன்ன யோசனை எளிமையானது. ஊர்கள் பெரிய சாலைகளையும் ரயில் பாதையையும் ஒட்டி நீளட்டும், இடையில் வயலும் காடும் ஆப்பு வடிவத்தில் அப்படியே கிடக்கட்டும். 2020 கணக்கெடுப்பில் இங்கே 10,62,061 பேர். அப்படியும் உன் பொண்ணு பார்க்கிற வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம் மேற்கே போனால் சோயாவும் சோளமும் கண்ணுக்கெட்டிய வரை நிற்கும்.

அந்த வயல்கள் சும்மா தப்பவில்லை. 1970களில் 5 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று ஒரு விதி போட்டுப் பார்த்தார்கள். வசதி உள்ளவர்கள் ஐந்தைந்து ஏக்கராக வாங்கி, நடுவில் வீட்டைக் கட்டி, சுற்றிலும் புல் வளர்த்தார்கள். டிராக்டர் ஓட்டுவதற்கு அது பற்றாத நிலம், ஆக வயல் துண்டு துண்டானதுதான் மிச்சம். அப்புறம் 1980ல் ஒரு திட்டம் வந்தது. 93,000 ஏக்கர், அதாவது கவுண்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வேளாண் காப்புப் பகுதி. அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடு, அவ்வளவுதான்.

விவசாயி சும்மா இருப்பானா? நேற்று வரை 100 ஏக்கரில் 20 வீட்டு மனை போட்டிருக்கலாம், இன்று நாலுதான் என்றால் அவன் சொத்து என்ன ஆவது? அதற்கு அவர்கள் கண்ட வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான். பழையபடி 5 ஏக்கருக்கு ஒன்று என்று வீடு கட்டும் உரிமையை அவனிடமே விட்டார்கள், ஆனால் அதை அந்த நிலத்தில் கட்டிப் பயன்படுத்த முடியாது. நகரப் பக்கம் கூடுதலாக வீடு கட்ட விரும்பும் கட்டுநருக்கு அந்த உரிமையை விற்கலாம். விற்றதும் அந்த நிலம் இனி மனையாகாது என்று பத்திரத்தில் ஏறிவிடும். விவசாயிக்குப் பணம், கட்டுநருக்குக் கூடுதல் வீடு, வயல் வயலாகவே இருக்கும். அரசு கஜானாவிலிருந்து நிலம் வாங்கிப் பூட்டி வைத்திருந்தால் இத்தனை ஏக்கரைக் காப்பாற்றியிருக்கவே முடியாது.

இப்போது பள்ளிக்கூட விஷயம். மாப்பிள்ளை முதலில் இதைத்தான் கேட்பார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே குமுறல். வகுப்பில் இடமில்லை, பள்ளி மைதானத்தில் தற்காலிகப் பெட்டி வகுப்பறைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், அடுக்குமாடி கட்டுவதை முதலில் நிறுத்துங்கள் என்பார்கள். விதியும் அப்படித்தான் இருந்தது. ஒரு பகுதியின் பள்ளிகள் ஐந்து வருஷத்தில் 120 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிடும் என்று கணக்கு வந்தால், அங்கே புதுக் குடியிருப்புக்கு அனுமதி தானாக நின்றுவிடும். 2019ல் சில்வர் ஸ்பிரிங் பக்கம் அப்படி நின்றது.

திட்டத் துறையினர் இந்தப் புகாரை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர்களின் முகவரிகளைக் கட்டடப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தார்கள். தனி வீட்டிலிருந்து எத்தனை பிள்ளைகள், வரிசை வீட்டிலிருந்து எத்தனை, உயரமான அடுக்குமாடியிலிருந்து எத்தனை என்று பிரித்தார்கள். வந்த விடை பலருக்குப் பிடிக்கவில்லை. உயர அடுக்குமாடிகளிலிருந்து வரும் பிள்ளைகள், வீட்டுக்கு இத்தனை என்று பார்த்தால், தனி வீடுகளைவிட மிகக் குறைவு. பள்ளியில் கூட்டம் ஏறியதற்கு முக்கியக் காரணம் பழைய வீடுகள் கைமாறியதுதான். எங்கள் தெருவிலேயே பார்த்தேன். எதிர் வீட்டில் வெகுகாலம் இருந்த வயதான தம்பதி வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போனார்கள். வந்த குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை, மறுநாள் காலை பள்ளிப் பேருந்தில் மூன்று பேர் கூடுதல். இதைத் தடையாணையால் எப்படி நிறுத்துவது? மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் வரவேண்டிய வீடுகள்தான் நின்றுபோயின, வகுப்பறையில் நெரிசல் அப்படியே இருந்தது. 2020 நவம்பரில் மன்றம் அந்தத் தானியங்கித் தடையை எடுத்துவிட்டது. இப்போது நெரிசலான பகுதியில் கட்டுபவர் பள்ளிகளுக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கண்ணால் பார்ப்பதை வைத்து ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிடும். எதிரே எழும்பும் பத்து மாடிக் கட்டடம் தெரியும், பக்கத்து வீட்டில் கைமாறும் சாவி தெரியாது. எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

2024 இலையுதிர் காலத்தில் நடந்த கூட்டங்களைப் பற்றி போனில் உனக்குச் சொன்ன ஞாபகம். தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற பகுதிகளில் இரண்டு குடும்ப வீடு, மூன்று குடும்ப வீடு கட்டவும் இடம் கொடுக்கலாமா என்று ஓர் ஆய்வு. பள்ளி அரங்கு நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். கார் நிறுத்த இடம் எங்கே, மரங்கள் போய்விடுமே, சாக்கடை தாங்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான், பதில் சொல்லியே ஆக வேண்டும். கூச்சலும் இருந்தது. எனக்கு மனசில் தைத்தது வேறு. இந்தக் கவுண்டியில் வேலை பார்த்துக்கொண்டு, இங்கே வீடு வாங்க முடியாமல் வடக்கே ஃப்ரெடரிக் கவுண்டியிலிருந்து தினமும் 270ஆம் சாலையில் ஊர்ந்து வருகிறார்களே செவிலியர்களும் ஆசிரியர்களும், அவர்கள் அந்த நேரத்தில் சாலையில்தான் இருந்திருப்பார்கள். உன் பொண்ணு மாதிரி இனிமேல் வரப்போகிறவர்கள் அங்கே எப்படி வந்து பேச முடியும்? அவர்கள் சார்பில் அரங்கில் இருந்தது மேசைமேல் கிடந்த அந்த அறிக்கை ஒன்றுதான். அதற்காகத்தான் இந்த ஆய்வுகளை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

கடைசியில் 2025 ஜூலையில் மன்றம் ஒரு சிறிய பகுதியை மட்டும் ஏற்றது. பெரிய சாலைகளை ஒட்டிய மனைகளில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு இடம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். இதற்கு முன்பு 2022 அக்டோபரில் நிறைவேறிய 2050க்கான பொதுத் திட்டம், முப்பது வருஷத்தில் இன்னும் சுமார் 2,00,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறது. அந்தத் திட்டத்துக்கே வாடகைக்காரர்களிடமும் குடியேறி வந்தவர்களிடமும் போதுமான அளவு கேட்கவில்லை என்று விமரிசனம் எழுந்து, மன்றம் மறுபடி ஆள் வைத்துக் கருத்துக் கேட்டது. சரியான காரியம்.

இனி கிளார்க்ஸ்பர்க். இந்த ஊரின் கதை கொஞ்சம் வருத்தமானது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1994ல் இதற்குத் தனித் திட்டம் போட்டார்கள். நடந்து போகிற தூரத்தில் கடைத்தெரு, பேருந்துக்கென்றே தனிப்பாதை, அதைச் சுற்றி வீடுகள். 2000ல் அங்கே 1,834 பேர், 2020ல் 29,051 பேர். வீடுகள் வந்துவிட்டன. ஷேடி குரோவ் மெட்ரோ வரை வரவேண்டிய பேருந்துத் தனிப்பாதை வரவே இல்லை. கடைத்தெருவுக்கான இடம் வருஷக்கணக்கில் வெறும் தரையாகக் கிடந்தது. அதனால்தான் மாப்பிள்ளை தெற்கே பெதஸ்டாவில் வேலை பார்த்தால் காலை நேரத்தில் ஒருமுறை 270ஆம் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்கிறேன்.

திட்டம் எழுதியதோடு வேலை முடிந்துவிடாது என்பதை அந்த ஊர்க்காரர்கள் 2005ல் காட்டினார்கள். குடியிருந்தவர்களே போய் அங்கீகரித்த வரைபடங்களைக் கேட்டு வாங்கி, தங்கள் தெருக்களோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் அனுமதித்த உயரத்தைத் தாண்டியும், சாலையை அதிகமாக நெருங்கியும் இருந்தன. பெரிய விவகாரமாகி, அனுமதி கொடுக்கும் முறையையே மாற்ற வேண்டி வந்தது. அவர்கள் சாதாரண வீட்டுக்காரர்கள்தான்.

இந்த ஊரின் டென் மைல் க்ரீக் என்ற ஓடை தப்பியதும் திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்ததால்தான். அது போய்ச் சேரும் லிட்டில் செனிகா ஏரி, வறட்சி வந்தால் வாஷிங்டன் வட்டாரத்துக்கே அவசரக் குடிநீர். ஓடையின் கரையில் இருந்த நிலங்களிலும் வீடு கட்டலாம் என்று பழைய திட்டம் சொல்லியிருந்தது. கூரை, தார், சிமெண்ட் என்று நீர் இறங்காத தரை கூடினால் ஓடை செத்துவிடும் என்று ஆய்வில் தெரிந்ததும், 2014ல் மன்றம் திட்டத்தைத் திருத்தி அப்படிப்பட்ட தரைக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்தது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அங்கே அழைத்துப் போகிறேன், தண்ணீர் அவ்வளவு தெளிவு.

இன்னொன்று. அவர்கள் பார்க்கிற தெருவில் சில வீடுகள் குறைந்த விலைக்கு ஒதுக்கியவையாக இருக்கும். 1974லிருந்து இங்கே அது சட்டம். பெரிய குடியிருப்பு கட்டினால் ஒரு பங்கை நடுத்தர, எளிய வருமானக்காரர்களுக்கு விட்டாக வேண்டும். யாராவது அதைக் குறையாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தச் சட்டத்தால்தான் ஒரே பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள்.

கிளார்க்ஸ்பர்க்கின் நெடுஞ்சாலைப் பக்கத்துக்கு 'கேட்வே' என்று புதிதாக ஒரு திட்ட ஆய்வும் செய்திருக்கிறார்கள். சீசர் பெல்லி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த, காம்சாட் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் பழைய ஆய்வகக் கட்டடம் பல வருஷம் வெறிச்சோடிக் கிடந்தது அங்கேதான். பொண்ணு பார்க்கிற வீடு அந்தப் பக்கமா, ஊர் மையத்துப் பக்கமா என்று நீ எழுதவில்லை. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். வீட்டு முகவரியை எனக்கு அனுப்பச் சொல். நில வரைபடத்தில் அந்த மனையைச் சுற்றி என்ன குறித்திருக்கிறார்கள், எந்தப் பள்ளி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பின்பக்கத்துக் காலி நிலம் யாருக்காக ஒதுக்கியது என்று எல்லாம் பார்த்து எழுதுகிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பினால் நல்லது.

வீடு வாங்கிவிட்டார்கள் என்றால், அடுத்த பொது விசாரணையில் பெயர் கொடுத்து ஒருமுறை பேசட்டும். ஆளுக்குச் சில நிமிஷம் தருவார்கள். என்ன பேசுவது என்று தயங்கினால் நான் கூட வருகிறேன்.

நீயும் தங்கச்சியும் விசாவுக்கு எப்போது போடப் போகிறீர்கள்? நேர்முகத் தேதி கிடைக்கத் தாமதமாகும் என்கிறார்கள், சீக்கிரம் போட்டு வை. பதில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்