அளவு சொல்லி ஒரு நன்றி

அண்ணனின் லாரியை மறுபடி ஓட வைத்த எல்லோருக்கும் வணக்கம்.

'அளவில்லாத நன்றி' என்று தொடங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லே அண்ணனுக்கு ஆகாது. யாராவது "நட்டை நல்லா இறுக்கு" என்றால் போதும், "நல்லா-ன்னா எத்தனை பவுண்டு?" என்று திருப்பிக் கேட்பார். அவர் நினைவாக எழுதும் மடலில் அளவு இல்லாமல் போனால் அவருக்கே அடுக்காது. அதனால் யார் எதற்குக் கை கொடுத்தீர்கள் என்பதோடு, அந்த வேலை எந்த அளவில் முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பெயர் போடவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். வேலையைப் படித்தால் அது யார் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

வண்டி 1951 செவ்ரோலே, ஒன்றரை டன். 1947 முதல் 1955 வரை வந்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையில் ஒன்று. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், 6 வோல்ட் மின்சாரம், காலால் மிதித்து இயக்கும் ஸ்டார்ட்டர். அண்ணன் அதைக் கடைசி நட்டு வரை பிரித்து வைத்திருந்தார். பூட்டத்தான் அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

முதல் நன்றி அண்ணிக்கு. 31 பெட்டிகள். ஒன்றைக்கூட இடம் மாற்றாமல், பழைய இரும்பு கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பி, அப்படியே வைத்திருந்து கொடுத்தார். வேறொருவர் பிரித்துப் போட்ட வண்டியைப் பூட்டுவது எவ்வளவு பெரிய தலைவலி என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். பெரும்பாலும் அந்த வண்டி எடைக்குத்தான் போகும். இது போகாமல் தப்பியதற்கு அண்ணியும், அண்ணன் கட்டிவைத்த சீட்டுகளுமே காரணம்.

அந்தச் சீட்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காகிதச் சீட்டு எண்ணெயில் ஊறிப் போகும், மார்க்கர் எழுத்து டீசல் பட்டதும் அழியும். அண்ணன் குளிர்பான அலுமினிய டப்பாவைக் கத்தரித்து, 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் துண்டாக்கி, அடியில் ஒரு மடித்த துணியைப் போட்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவார். எழுத்து தகட்டில் பள்ளமாகப் பதிந்துவிடும். டீசலில் கழுவினாலும், பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மெல்லிய செம்புக் கம்பியால் பாகத்தோடு கட்டிவிடுவார். 'முன் ஸ்பிரிங், இடம், பின் ஷேக்கிள், உள்பக்க வாஷர் 2' என்கிற மாதிரி இருக்கும். 'உள்பக்கம்' என்ற அந்த ஒரு சொல் ஒரு முழு நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

என்ஜின் ஜாமாகிக் கிடந்தது. அதைத் தூக்கிப்போய் இரண்டு மாதம் பொறுமையாக ஊறவைத்த நண்பருக்கு நன்றி. தானியங்கி கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலப்பது பலர் சொல்லும் வழி. அவரும் அதையே செய்தார். அந்தக் கலவை மெலிதாக இருப்பதால் பிஸ்டன் ரிங் இடுக்குக்குள் இறங்கும். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும், பெயின்டையும் அரிக்கும் என்பதால் திறந்த வெளியில் வைத்துத்தான் செய்தார். அதைவிட முக்கியம், பிஸ்டன் அசைந்ததும் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டது. முதலில் வால்வுகளை அழுத்தும் ராக்கர் தண்டைக் கழற்றினார். வால்வு தண்டுகள் வழிகாட்டியில் ஒட்டியிருக்கும்போது என்ஜினைச் சுற்றினால் முதலில் வளைவது ராக்கரைத் தள்ளும் மெல்லிய கம்பியான புஷ்ராடு. ஒவ்வொரு வால்வையும் மரச்சுத்தியால் லேசாகத் தட்டி, ஸ்பிரிங் தானாக மேலே தள்ளுகிறதா என்று பார்த்தார். பன்னிரண்டில் மூன்று தள்ளவில்லை. அந்த மூன்றும் பிழைத்தன.

அடுத்தது இந்த என்ஜினின் உயிர்நாடி. 216-இல் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தில் போவதில்லை. ராடு மூடியின் அடியில் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் ஒவ்வொரு ராடுக்கும் கீழே ஒரு தொட்டி. மெதுவாக ஓடும்போது கரண்டி தொட்டியில் முங்கி ஆயிலை அள்ளும். வேகம் கூடினால் நாஸில் என்ற சின்னக் குழாய் முனையிலிருந்து வரும் ஆயில் தாரை நேராகக் கரண்டியில் அடிக்கும். இது தெரியாமல் யாரோ எந்தக் காலத்திலோ சம்ப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கியிருக்கிறார்கள். இரண்டு தொட்டிகள் நசுங்கி, நாஸில்கள் கோணியிருந்தன. இப்படியே பூட்டியிருந்தால் புது பேரிங்கும் கொஞ்ச தூரத்தில் போயிருக்கும். 'பேரிங் சரியில்லை' என்று பேரிங் மேலேயே பழி விழுந்திருக்கும்.

தொட்டியையும் நாஸிலையும் அளந்து பார்க்கும் பழைய கேஜ் தொகுப்பைத் தன்னிடமிருந்து அனுப்பிவைத்த பெரியவருக்கு நாங்கள் தனியாகக் கடன்பட்டிருக்கிறோம். தொட்டியின் உயரத்தை அதை வைத்துத்தான் பார்க்க முடியும். நாஸிலின் குறியை ஆயிலால் பார்ப்பதில்லை, தண்ணீரால். சம்ப்பின் குழாயில் தண்ணீரைச் செலுத்தினால் தாரை கேஜில் உள்ள துளையின் நடுவில் போக வேண்டும். போகாவிட்டால் நாஸிலை மெல்ல வளைக்க வேண்டும். நான்கு நாஸில்களைத் திருத்தினோம். பிறகு சம்ப்பைக் காயவைத்துத் துடைத்து ஆயில் பூசியது ஒரு தம்பி. கவனமான பிள்ளை, துரு ஒரு புள்ளிகூட வரவில்லை.

ராடு பேரிங் இந்த வண்டியில் தனியாக மாற்றும் ஓடு கிடையாது. ராடிலேயே வார்த்த வெள்ளை உலோகம். தேய்மானத்தை, மூடிக்கும் ராடுக்கும் இடையே இருக்கும் மெல்லிய தகடான ஷிம்மை எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். 0.002 அங்குல ஷிம், இரண்டு பக்கமும் சமமாக எடுத்து, மூடியை இறுக்கி, ராடைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். விரல் அழுத்தத்துக்கு 'டக்'கென்று நகர்ந்தால் சரி. நகராவிட்டால் ஒரு ஷிம்மைத் திரும்பப் போட வேண்டும். மூடியைப் பூட்டும்போது கரண்டியின் வாய், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் பூட்டினாலும் போல்ட் ஏறும், மூடி உட்காரும், எதுவும் தெரியாது. ஆனால் ஆயில் அள்ளாது. அண்ணனின் ஆறு சீட்டுகளிலும் ராடு எண்ணுக்குப் பக்கத்தில் 'வாய் கேம் பக்கம்' என்றே இருந்தது. ஆறிலும் எழுதியிருந்தார், ஒன்றில் எழுதிவிட்டு 'மற்றவையும் இப்படியே' என்று விடவில்லை.

ஓடத் தொடங்கிய முதல் நாள் ஆயில் மீட்டர் 15 பவுண்டில் நின்றதைப் பார்த்துப் பதறியவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குறையில்லை. இந்த என்ஜினின் மீட்டர் முழு அளவே 30-தான். ஓட்டத்தில் 15 காட்டினால் நல்ல உடம்பு. சூடேறி ஐடிலில் நிற்கும்போது இன்னும் இறங்கும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டப் பம்ப்பின் ஸ்பிரிங்கை மாற்றலாம் என்று சொன்னவரைத் தடுத்தவருக்கும் நன்றி.

வால்வு இடைவெளி, என்ஜின் சூடாக இருக்கும்போது வைத்தது: இன்டேக் 0.006, எக்ஸாஸ்ட் 0.013 அங்குலம். சிலிண்டர்கள் எரியும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-5-3-6-2-4. தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் குறி கப்பியில் இல்லை, ஃப்ளைவீலில் பதித்த ஒரு சின்ன எஃகுக் குண்டு. அதைக் கிளட்ச் உறையின் துளை வழியே பார்க்க வேண்டும். குண்டு துருவேறிக் கறுத்துப்போய் யார் கண்ணுக்கும் படவில்லை. அதைச் சுரண்டி வெள்ளை பெயின்ட் தொட்டுவைத்த கைக்கு நன்றி.

மின்சார வேலை செய்த இருவருக்கு ஒரு பெரிய கும்பிடு. '6 வோல்ட்டா, அதைத் தூக்கிப் போட்டு 12 ஆக்கிவிடு' என்பது ஊரெல்லாம் சொல்லும் அறிவுரை. நல்ல 6 வோல்ட் அமைப்பில் குறையே இல்லை, குறை கேபிளில்தான். அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். அதே கேபிளில் இழப்பு இரண்டு மடங்கு, கையில் இருக்கும் வோல்ட்டோ பாதி. ஆக விகிதத்தில் நான்கு மடங்கு அடி. வண்டியில் இருந்தது 12 வோல்ட் கார்களுக்கான மெல்லிய கேபிள், சுமார் 21 சதுர மில்லிமீட்டர். போக வர 2.4 மீட்டர் நீளத்தில் 300 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் கேபிளிலேயே போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டதும் அந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் வந்தது. என்ஜினிலும் சேஸிலும் எர்த் கேபிள் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி, மேலே கிரீஸ் தடவியது மீதி வேலை. ஸ்டார்ட்டரின் மேல் உள்ள மிதிச் சுவிட்சின் செம்புத் தகடு ஒரு பக்கம் கரிந்திருந்தது. அதைத் திருப்பிப் போட்டதோடு சரி.

ஒரே ஒரு சறுக்கல் நடந்தது. டைனமோவைப் பூட்டியபின் அதற்குத் துருவம் பதிக்க, அதாவது மின்சாரம் எந்தத் திசையில் வர வேண்டும் என்பதை அதன் காந்தத்தில் பதியவைக்க, மறந்துவிட்டார்கள். அப்படி விட்டால் டைனமோ தலைகீழாக மின்சாரம் கொடுக்கும், அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாயிண்டுகள் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஆனது. என்ஜின் நின்றிருக்கும்போது ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் டைனமோ ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயரால் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். ஒரு சின்னப் பொறி வரும், வேலை முடிந்தது. இந்த டெல்கோ கம்பெனி அமைப்புக்கு இதுதான் முறை. வேறு கம்பெனி டைனமோ என்றால் முனை மாறும், கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். தன் அலமாரியிலிருந்து வேறொரு ரெகுலேட்டரை எடுத்துக் கொடுத்து, காசைப் பற்றிப் பேசவே விடாதவருக்கு என்ன சொல்வது!

பிரேக்கைப் பொறுத்தவரை, திரவம் போகும் ரப்பர் ஹோஸ்கள் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தன. உள்ளே ரப்பர் உப்பி அடைத்துவிட்டிருந்தது. மிதித்தால் திரவம் அழுத்தத்தில் உள்ளே போகும், விட்டால் திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். மூன்று ஹோஸும் புதிது. இது ஒற்றைச் சுற்று பிரேக், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. வீல் சிலிண்டர்களுக்குப் பித்தளை உறை போட்டுக் கொடுத்த லேத்காரருக்கு நன்றி. மிதி அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம் வேண்டும். மிதியில் கால் அங்குலமாவது சும்மா இறங்கணும். இல்லையென்றால் திரவம் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும், ஓட ஓடத் திரவம் சூடேறி விரிந்து, நீங்கள் மிதிக்காமலே பிரேக் பிடிக்கும்.

டயர் மாற்றித் தந்தவர்கள் விளையாட்டாகக்கூட ஒரு படியைத் தாண்டவில்லை. வளையம் போட்டு பூட்டும் பல பாக ரிம் ஆளைக் கொன்றுவிடும். சக்கர நட்டைத் தொடும் முன்பே வால்வின் உள் ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போக விட்டு, வால்வுக்குள் கம்பி விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்தார்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் இரண்டு டயரிலும். துருப்பிடித்த இரண்டு வளையங்களைத் தட்டி நிமிர்த்தச் சொன்னபோது முடியாது என்று சொல்லி ஒதுக்கினார்கள். காற்று அடித்தது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸ் கொண்டு, எதிரே யாரும் நிற்காமல். அண்ணன் இருந்திருந்தால் அந்தக் கூண்டின் குழாய் கனத்தையும் அளந்திருப்பார்.

பெட்ரோல் டேங்கைக் கழுவியவர், ரேடியேட்டருக்கு ஈயம் வைத்தவர், பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றிப் பின் சிலிண்டர்களைச் சுற்றியிருந்த சேற்றை ஒன்றரை வாளி வெளியே எடுத்தவர், மேடைக்குப் பலகை அறுத்தவர், கண்ணாடி வைத்தவர், 1950-களின் பட்டறைக் கையேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியவர்: எல்லோருக்கும் நன்றி. பெயின்ட் அடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதற்கு மன்னிக்கவும். கதவில் மங்கிப்போன அந்த எழுத்தை அண்ணன் விட்டுவைக்கச் சொன்னதாக அண்ணி சொன்னார்.

31 பெட்டிகளும் காலி. ஒரே ஒரு பாகம் மிச்சம். சின்னப் பித்தளை புஷ். வெளிவிட்டம் 5/8 அங்குலம், நீளம் 3/4, உள்ளே சுருளாக ஓர் ஆயில் காடி, ஒரு முனை மட்டும் சரிவாகக் கடைந்தது. சீட்டும் கட்டியிருக்கிறது. அதில் அண்ணன் எழுதியிருப்பது: 'எங்கிருந்து வந்தது தெரியவில்லை. தூக்கிப் போடாதே.'

போடவில்லை. யாருக்காவது அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணனின் பழைய லாரிக் கூட்டம்