ஒன்றாம் எண்ணும் ஒன்றாம் வகையும்

ஹூஸ்டன்,
28 ஜூலை 2024

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது எங்கள் தெருவில் பெரில் புயலால் போன மின்சாரம் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. "நாகைத் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் இங்கே வலையைக்கூட யாரும் சுருட்டுவதில்லை, ஒன்றாம் வகைப் புயலுக்கா உங்கள் ஊர் அப்படி முடங்கிப் போயிற்று?" என்று நீ கேட்டிருந்ததைப் படித்துச் சிரித்தேன். கஜா புயலின் இரவை வேதாரண்யத்தில் கழித்தவனுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. ஆனால் இரண்டு ஊர் எண்ணும் ஒன்றல்ல.

நம் துறைமுகக் கூண்டு, புயல் எவ்வளவு அருகில் இருக்கிறது, துறைமுகத்துக்கு என்ன ஆபத்து என்பதைச் சொல்வது. புயல் நெருங்க நெருங்க எண்ணும் ஏறும். இங்கே சொல்லப்படும் வகையோ காற்றின் வேகத்தை மட்டும் அளப்பது. மணிக்கு 119 கி.மீ. தொட்டால்தான் ஒன்றாம் வகையே தொடங்குகிறது, 252 கி.மீ.க்கு மேல் போனால் ஐந்தாம் வகை. பெரில் புயல் இம்மாதம் 8ஆம் தேதி அதிகாலையில் டெக்சஸின் மடகோர்டா என்னும் இடத்தருகே கரையேறியபோது அதன் வேகம் ஏறத்தாழ 130 கி.மீ. 2018 நவம்பர் 16 அன்று உன் வீட்டுக் கூரையைப் பிய்த்தெறிந்த கஜாவும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் கரை கடந்தது. இந்த ஊர்க் கணக்கில் உன் கஜாவும் ஒன்றாம் வகைதான்!

இந்தப் பெரில் இங்கே வருவதற்கு முன் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஜூலை முதல் தேதி கிரெனடாவின் கரியக்கூ தீவை நான்காம் வகையாகத் தாக்கி, மறுநாளே ஐந்தாம் வகையாக உயர்ந்தது. அட்லாண்டிக் கடலில் ஆண்டின் இவ்வளவு தொடக்கத்தில் அந்த வகையை எட்டிய புயல் இதற்கு முன் பதிவானதில்லை. இந்தக் கடலில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்றாலும், வழக்கமாக உச்சம் செப்டம்பரில்தான் வரும். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயலுக்குத் தீனி கிடைக்கும்: ஆவி மேலே எழுந்து குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் வெப்பம், கீழேயுள்ள காற்றழுத்தத்தை மேலும் குறைத்து, சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுக்கிறது. இவ்வாண்டு அந்தச் சூடு இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது.

முதலில் அது மெக்சிகோ எல்லையை நோக்கிப் போகும் என்றே கணித்திருந்தார்கள். பிறகு பாதை சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்தது. வரைபடத்தில் கூம்பு போல வரைகிறார்களே, அது புயலின் மையம் போகக்கூடிய வழியைக் காட்டுவதே தவிர, பாதிப்பின் எல்லையைக் காட்டுவதன்று. ஜூலை 4 சுதந்திர தின விடுமுறையில் இருந்த பலர் கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள், நானும்தான். வடபாதி உலகில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், அது போகும் திசைக்கு வலப்புறத்தில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் ஒன்று சேர்கின்றன. வடக்கு நோக்கி ஏறிய பெரிலுக்கு வலப்புறத்தில் இருந்தது ஹூஸ்டன். மே மாதச் சூறைக்காற்றில் ஏற்கெனவே தளர்ந்திருந்த மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எங்களுக்கு ஆறு நாள்.

எண்ணை நம்பி ஏமாறக் கூடாது என்பதை எனக்கு முதலில் கற்பித்தது 2017இல் வந்த ஹார்வி. நான்காம் வகையாகக் கரையேறிய அந்தப் புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது காற்று தணிந்து, ஒன்றாம் வகைக்கும் கீழே இறங்கி, ஹரிக்கேன் என்ற பெயரையே இழந்துவிட்டிருந்தது; ஆயினும் நகராமல் நின்று, நெடர்லண்ட் என்னும் டெக்சஸ் சிற்றூரில் மட்டும் சுமார் 1,539 மி.மீ. மழையைக் கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். இறந்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கியவர்கள். அவர்களில் பலர் வண்டியோடு போனவர்கள். ஓரடித் தண்ணீர் சிறிய காரைத் தூக்கிவிடும், ஈரடி ஓடினால் பெரிய வண்டியும் மிதக்கும் என்பதை அதுவரை நான் நம்பியதில்லை.

அதனால்தான் இங்கே, தண்ணீருக்குப் பயந்து ஓடு, காற்றுக்குப் பயந்து ஒளிந்துகொள் என்பார்கள். கடல் உள்ளே ஏறக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே பிரித்து, அங்கிருப்பவர்களை மட்டும் வெளியேறச் சொல்கிறார்கள். 2005இல் ரீட்டா புயல் வந்தபோது, அதற்குச் சற்று முன் வந்த கத்ரீனா புயலின் அச்சம் ஆறாத நிலையில், வெளியேறத் தேவையில்லாதவர்களும் சேர்ந்து கிளம்ப, நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. புயல் கொன்றதைவிட அந்தப் பயணமே அதிகம் பேரைக் கொன்றது. பெரில் வந்தபோது நான், கடலுக்கு வெகு தொலைவில், வெள்ளம் தேங்காத மேட்டில் இருப்பதால் வீட்டிலேயே இருந்தேன். ஜன்னல் இல்லாத உள் அறையில் மெத்தையைப் போட்டு, குளியல் தொட்டியை நிரப்பி வைத்தோம். ஜன்னல் கண்ணாடியில் டேப்பைக் குறுக்காக ஒட்டும் வழக்கம் மட்டும் இந்த ஊரில் இன்னும் ஒழியவில்லை. அதனால் பயன் எதுவும் இல்லை, உடைந்தால் சில்லுகள் பெரிதாக விழும். பிளைவுட் பலகை அறைவதே சரி.

ஆனால் உயிர்களைக் குடித்தது புயலோடு முடியவில்லை. ஏறக்குறைய 35 பாகை வெயிலில், குளிர்சாதனம் ஓடாத வீடுகளில், வெப்பத்தாலேயே சிலர் இறந்தார்கள்; ஜெனரேட்டர் புகையாலும் இறந்தார்கள். இரண்டாம் நாள் இரவு எதிர்வீட்டுக்காரர் ஜெனரேட்டரைக் கார் கொட்டகைக்குள் வைத்து, கதவைப் பாதி இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். திருட்டுப் பயம் அவருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். கொட்டும் வியர்வையோடு இருவருமாக அதை இழுத்துப் போய், வீட்டுக்கு இருபதடி தள்ளி, ஒரு கருவாலி மரத்தடியில் சங்கிலி போட்டுக் கட்டினோம். எங்கள் உறைபெட்டியில் ஒரு கோப்பைப் பனிக்கட்டியின் மேல் நாணயம் ஒன்றை வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தபோது பனி உருகி அது அடியில் கிடந்தது. உள்ளே இருந்த மீனையெல்லாம் புதைத்துவிட்டோம். நீ இருந்திருந்தால் அழுதிருப்பாய்.

கஜா இரவில் வாடையாக அடித்த காற்று திடீரென ஓய, புயல் போயிற்று என்று உன் சித்தப்பா மாட்டை அவிழ்க்கக் கொல்லைக்குப் போனதையும், சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்பி அடித்ததையும் நீ எழுதியிருந்தாய். அது புயலின் கண் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். இன்னும் மூன்று மாதத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள் கிணற்றடி மாமரத்தில் கூரைமேல் சாய்ந்திருக்கும் கிளைகளைக் கழித்துவிடு. கஜாவுக்கு மறு ஆண்டு நட்ட தென்னம்பிள்ளைகளில் ஏதாவது பாளை விட்டிருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்