வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே

அன்பு மகன் அந்தோணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால்வலி இப்போது தேவலை.

தூத்துக்குடியில் சரக்கு ஏற்றிய கப்பல் சென்னைக்குப் போக எதற்கு இலங்கையைச் சுற்ற வேண்டும் என்று உன் கூட்டாளி கேட்டானாம். பாம்பன்காரன் உனக்கே பதில் வரவில்லை என்று போனில் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, சரிப்பா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்கு வடக்கே வடகடல், அது பெண்கடல். தெற்கே தென்கடல், ஆண்கடல். நீ கப்பலில் பார்க்கிற சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், முதலாவது பாக் விரிகுடா, அடுத்தது மன்னார் வளைகுடா. பாக் என்பது ராபர்ட் பாக், பாதிரியாராகக் கப்பலேறி வந்து 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். மன்னார் அக்கரை ஊர். சார்ட்டில் இருக்கிற இரண்டு பேரிலும் நம் கரை இல்லை. அது போகட்டும். டிவிக்காரர்கள் ராமேஸ்வரத்துக் கடலையெல்லாம் பாக் நீரிணை என்கிறார்களே, அதுதான் எரிச்சல். நீரிணை கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இருக்கிற வாசல். அதைத் தாண்டி உள்ளே வந்தால்தான் விரிகுடா, நம் வடகடல்.

இந்த இரண்டு கடலும் சேர வழி இரண்டுதான். ஒன்று, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கிற மணல்திட்டுகளின் ஊடே. நாம் ராமர் பாலம் என்போம், வெள்ளைக்காரன் ஆதாம் பாலம் என்று எழுதிவைத்தான். அங்கே பல இடத்தில் ஆள் நிற்கலாம். திட்டுகளும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. மற்றது நம் பாம்பன் கால்வாய். மண்டபத்துக்கும் நம் ராமேஸ்வரம் தீவுக்கும் குறுக்கே பாறை ஓடுகிறது. அதை உடைத்து, மண் வாரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழி பண்ணினார்கள். விசைப்படகு, பார்ஜ் என்கிற தட்டைச் சரக்குப் படகு, சின்னக் கப்பல் போகும். உன் கப்பல் வந்தால் தரை தட்டும். அதனால்தான் சுற்று.

பெரிய கப்பலுக்கு வழி வெட்டும் பேச்சு 1860இலேயே உண்டு. 2005 ஜூலையில் மதுரையில் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள், பிறகு கோர்ட்டு கேஸ் என்று நின்றுபோனது. நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. மண் ஓடுகிற இடத்தில் வருஷா வருஷம் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நம் கால்வாயைச் சின்னதென்று நினைக்காதே. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும், வடகிழக்கு வாடைக்காற்றில் அப்படியே திரும்பிவிடும். ரயில் பாலத்து நடுவே இருக்கிற தூக்குப்பாலம் திறக்கும் என்று படகுகள் நங்கூரம் போட்டு வரிசையாகக் காத்துக் கிடக்கும்போது ரோட்டுப் பாலத்தில் நின்று பார். நீவாட்டை எதிர்த்து வருகிறவன் மெதுவாக, இன்ஜின் கதறக் கதற வருவான். பார்க்கிறவனுக்குத்தான் பாவமாக இருக்கும், படகு அவன் கைக்குள் இருக்கும். நீவாட்டோடு வருகிறவன் ஜோராக வருவான், ஆனால் சுக்கான் பிடி கொடுக்காது, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. வழிகாட்டப் பாம்பன் ஆள் வேண்டும் என்பது இதனால்தான். 2013 ஜனவரியில் ஒரு பார்ஜ் இழுத்துக்கொண்டு போய் ரயில் பாலத்துத் தூணில் மோதியதே, அதுவும் இந்த இடத்தில்தான். 1914இல் திறந்த அந்தப் பழைய பாலத்தை அப்போதெல்லாம் ஆட்கள் கையால் நெம்பித் திறப்பார்கள், பாலத்தின் இரண்டு கையும் மேலே விரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும், ஆனால் துருப்பிடித்த இரும்பை எத்தனை நாள் நம்புவது?

தீவுப் பேர்களையும் கூட்டாளியிடம் சொல். கால்வாய்க்குத் தெற்கே குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மேற்கே மனோலி, முயல்தீவு. முயல்தீவைத்தான் சார்ட்டில் ஹேர் ஐலண்ட் என்று போட்டிருப்பான். சிங்கில் தீவுக்கு மட்டும் அவன் வைத்த பேரையே நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

லீவு கேட்கும்போது தை கடைசி, மாசி என்று கேள். அப்போது தென்கடல் அடங்கியிருக்கும், பேத்தியைப் படகில் கூட்டிப்போகலாம். ஆனி, ஆடியில் வந்தால் கச்சான் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டிக்கெட் போடுமுன் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா