இன்ஜெக்டரில் கை வைக்கும் முன்பு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் திடீரென்று இழுக்காமல் போகிறது, ஓரங்கட்டிச் சாவியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே தொல்லை. பட்டறைப் பெரியவர் சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீச்சும் ஆறு இன்ஜெக்டர்களையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீ எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆறு இன்ஜெக்டர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நொடியில் கெடுவதில்லை. சற்று ஓய்வு கொடுத்தால் குணமாகிவிடுவதும் இல்லை. தேய்மானம் மெதுவாக வரும். டீசல் செலவு கூடும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், இழுவை மாதக்கணக்கில் குறையும். ஒன்று மட்டும் செத்துப்போனால், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐட்லிங்கிலேயே இன்ஜின் நொண்டும், அதிரும். உன் வண்டி ஐட்லிங்கில் சீராக இருக்கிறது என்கிறாய். அப்படியானால், பாரம் ஏறும்போது மட்டும் ஏதோ ஒன்று போதவில்லை, அல்லது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியே வேண்டுமென்று இன்ஜினை அடக்கி வைக்கிறது.

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை இழுவை போனதும் சாவியைத் தொடாதே. பத்திரமான இடத்தில் நிறுத்தி இன்ஜினை ஐட்லிங்கிலேயே சில நிமிடம் ஓட விட்டுப் பிறகு எடுத்துப் பார். அப்போதே இழுவை திரும்பினால் டீசல் வரும் பாதையைச் சந்தேகப்படு. சாவியை அணைத்துப் போட்டால்தான் திரும்புகிறது என்றால், கணினி எதையோ கண்டு பயந்து சக்தியைக் குறைத்திருக்கிறது. அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் அதற்கான பிழைக் குறியீடு பதிவாகியிருக்கும். இதை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. டீசல் போதாமல் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் பொதுக் குழாயில், அழுத்தம் விழுந்தாலும் கணினி அடக்கத்தான் செய்யும்.

எனக்கு முதல் சந்தேகம் டேங்க்கின் மேல். உள்ளே கிடக்கும் கந்தல் துணியோ, பிய்ந்த ரப்பர் துண்டோ, இன்ஜின் அதிகமாக உறிஞ்சும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் தானாக விழுந்துவிடும். காற்று புகும் துவாரம் அடைத்துக்கொண்டாலும் இதே கூத்துதான்: டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் இழுக்கத் திணறும். இழுவை போன நேரத்தில் நிறுத்தி டேங்க் மூடியைத் திற. காற்று 'உஸ்' என்று உள்ளே போய், வண்டியும் உடனே சரியானால் வேலை முடிந்தது. இல்லையென்றால், பம்ப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இடையில் போட்டுப் பார். குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. காற்று இழுக்கும் இணைப்பில் டீசல் வெளியே கசிய வேண்டும் என்பதில்லை. அதனால்தான் பலர் அதைக் கோட்டைவிடுகிறார்கள். பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாக இருந்து, உள்தோல் மட்டும் உரிந்து வழியை மறிப்பதும் உண்டு. பில்டரை மாற்றும்போது பழையதை அப்படியே தூக்கிப் போடாதே. அறுத்துப் பார், தண்ணீரா, துருவா, கறுத்த பிசுபிசுப்பா என்று அதுவே சொல்லும்.

காற்றுப் பக்கத்தையும் விட்டுவிடாதே. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ஹோஸ் கிழிந்தாலோ கிளாம்ப் கழன்றாலோ இழுவை பட்டென்று போகும், சீறல் கேட்கும். ஆனால் அது ஓய்வு கொடுத்தால் ஒட்டிக்கொள்ளாது, ஆகவே இங்கே வாய்ப்புக் குறைவு. காற்றுப் போதாவிட்டால் கரும்புகை வரும் என்று நாங்கள் படித்தது பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். சைலன்சர் பக்கத்தில் துகள் வடிகட்டி வைத்த வண்டியில் கரி உள்ளேயே தங்கிவிடும், வெளியே புகை தெரியாது. புகை இல்லை என்று நீ எழுதியதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். வடிகட்டியின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை ஸ்கேனரில் படி. டர்போ கட்டும் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரைச் சோதிப்பதும் எளிது: இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால், கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், உயரமான இடத்தில் அதைவிடக் குறைவு. அதற்கு வெகு தூரத்தில் ஏதாவது காட்டினால் சென்சாரையோ வயரிங்கையோ பார்.

பட்டறையில் நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்துவிட்டு 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பாரம் இல்லாமல் டர்போ முழு அழுத்தம் கட்டாது, டீசலும் அதிகம் ஓடாது. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு பாரத்தோடு அதே மேட்டில் ஏற்றுங்கள். கணினி கேட்ட ரெயில் அழுத்தம், உண்மையில் கிடைத்த ரெயில் அழுத்தம், பூஸ்ட், ஆக்சிலரேட்டர் சதவீதம் நான்கையும் பதிவு செய். ஓட்டுபவர் வேறு, திரையைப் பார்ப்பவர் வேறாக இருக்கட்டும். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி விரியும்போது பூஸ்ட் இன்னும் நன்றாக இருந்தால், டீசல் பக்கம்தான்.

கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் வேகம் ஏறும், வண்டி ஏறாது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு சக்கரத்தின் ஹப் மட்டும் கொதிக்கும். புகைக்குழாயை மறித்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் முழுதாகத் திறக்காமல் நின்றாலும் மூச்சு முட்டும். இவற்றை ஒரு பார்வை பார்த்துவிடு.

இனி சொல்வதை அப்பா சொன்னதாகவே எடுத்துக்கொள். அந்த ரெயிலில் 1600 பார், சில இன்ஜின்களில் 2000 பாருக்கும் மேல் அழுத்தம் நிற்கிறது. பழைய பம்ப் வண்டிகளில் நாங்கள் செய்ததுபோல், ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்க்கும் பழக்கம் இதில் கூடவே கூடாது. கசிவைக் கையால் தடவித் தேடாதே. அட்டைத் துண்டைப் பிடித்துப் பார். கையுறை போட்டிருந்தாலும் அந்தப் பீச்சல் துளைத்துக்கொண்டு தோலுக்குள் போகும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அப்படி நேர்ந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குப் போ. உள்ளே போனது டீசல் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் இன்ஜெக்டர் மேலேயே நின்றால், ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பும் டீசலை அளந்து பாருங்கள். அதிகம் திருப்பி விடுவதை மட்டும் கழற்றினால் போதும், வண்டிக்காரருக்கு மற்றவற்றின் விலை மிச்சம். பெரியவரிடம் இதை என் பெயரைச் சொல்லிப் பேசாதே. மேட்டில் எடுத்த பதிவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வை. அதில் ஒரு நகலை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா