சாவித்திரி படம் பார்த்துவிட்டேன், கண்ணு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. சுங்கை சிப்புட்டில் சாயங்காலமானால் மழைதான், துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது.

நீ சொல்லிக்கொண்டே இருந்த ‘நடிகையர் திலகம்’ படத்தை ஒருவழியாகப் பார்த்தேன். 2018-இல் வந்ததை இப்போதுதானா என்று சிரிக்காதே. சாவித்திரி நடித்து 1961-இல் வந்த ‘பாசமலர்’ எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். உன் பாட்டி சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடித்துவிடுவாள். மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டில் பெண்கள் எல்லாரும் வீங்கின கண்ணோடு நின்றார்கள்.

கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கொடுத்தது சரிதான். சில இடங்களில் சாவித்திரியையே பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அவர் கணவர் ஜெமினியைத் திட்டுகிறார்கள், அப்புறம் குடியைச் சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு உறுத்தியது காசு விஷயம். 1971-இல் சிவாஜியை வைத்து ‘பிராப்தம்’ எடுத்தாரே, தயாரிப்பும் அவர், இயக்கமும் அவர், நடிப்பும் அவர். தெலுங்கில் ‘மூக மனசுலு’ என்று அவரே நடித்து நன்றாக ஓடிய கதைதான். தமிழில் ஓடவில்லை, போட்ட பணம் போயிற்று. கூடவே வருமானவரித் தொல்லை. போர் நிதிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்த கை அது. கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறார், ஆனால் ஒரு கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி படத்தில் ஒரு காட்சிகூட எனக்கு ஞாபகம் இல்லை. கடைசியில் பத்தொன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து, 1981 டிசம்பரில் போய்விட்டார்.

உன் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ரப்பர்ப் பால் நிறுக்கும்போது தோட்டக் கணக்கர் கிராணி எடையை வாய்விட்டுச் சொன்னால்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்வாள். சொன்னதை வீட்டுக்கு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்து, என்னை நோட்டில் எழுதச் சொல்வாள். மாதக் கடைசியில் அதை வைத்துக்கொண்டு சம்பள மேசையில் சண்டை போட்டிருக்கிறாள். சில தடவை ஜெயித்தும் இருக்கிறாள்!

நீ என்னடாவென்றால், போன தொடருக்குப் பாதிச் சம்பளம் இன்னும் வரவில்லை, கேட்டால் அடுத்ததில் கூப்பிட மாட்டார்கள் என்கிறாய். கேள், கண்ணு. நயமாகவே கேள், ஆனால் எழுத்தில் கேள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சம்பளம் எத்தனை ரிங்கிட், எந்தத் தேதிக்குள் வரும், படப்பிடிப்பு தள்ளிப்போனால் என்ன என்று பார்த்துக்கொள். நம் மலேசிய ஊழியர் சேமநிதியில் நாமாகவே பணம் போடலாம், முதலாளி இருக்க வேண்டுமென்பதில்லை. வேலை கிடைத்த மாதத்தில் கொஞ்சமாவது போட்டு வை. நடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. போன வாரம் உன் தொடரில் நீ மாமியாரை எதிர்த்துப் பேசினாயே, பக்கத்து வீட்டு அக்கா கைதட்டினார்.

அந்தப் புது ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஆங்கிலத்தில் இருந்தால் தம்பி படித்துச் சொல்வான். மலாயில் இருந்தால் நானே படித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு, அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அம்மா