குண்டு விழுந்த தூரம்

கடலூர் முதுநகர்,
மே 18

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலிதான் காரணம். எழுதுவது கையால்தானே என்று கேட்பாய், தெரியும். இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் உப்பனாற்றில் கட்டிக் கிடக்கின்றன. மீன் விலையைக் கேட்டுவிட்டுக் கத்தரிக்காயோடு திரும்பி வருகிறேன்.

நீர்மூழ்கியில் இருபது வருஷம் இருந்தாய், ஒரு நாளாவது வாயைத் திறந்தாயா? போன வாரம் பேரன் என்னைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, தண்ணிக்குள்ள இருந்து ஏவுகணை விடுறாங்களே, நெருப்பு அணையாதா?" இயற்பியல் வாத்தியார் மானம் போகக் கூடாதே என்று உட்கார்ந்து படித்தேன்.

டோமஹாக் என்ற அமெரிக்க ஏவுகணை ஓர் எஃகு உறைக்குள் நனையாமல் காத்திருக்கிறது. தண்ணீரின் அழுத்தத்தாலேயே அதை, டார்பிடோ எனும் நீரடிக் குண்டை விடுகிற குழாயிலிருந்து வெளியே தள்ளுகிறார்கள். கொஞ்சம் விலகியதும் பூஸ்டர் என்ற சிறு ராக்கெட் தண்ணீருக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். அதன் எரிபொருளிலேயே ஆக்சிஜன் தரும் பொருளும் கலந்திருக்கிறது, காற்று வேண்டாம். வெளியே வந்த பிறகுதான் இறக்கை விரிந்து, ஜெட் என்ஜின் ஓடும்; அதற்குக் காற்று வேண்டும். இவ்வளவும் சொன்னேன். "அப்போ தீபாவளி ராக்கெட்டை வாளிக்குள்ள விடலாமா?" என்கிறான். சரியான எம்டன்! 1914இல் சென்னை மேல் குண்டு போட்ட கப்பலின் பெயரை இன்னும் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம், பார்.

இப்படி விமானம்போல் பறக்கிற குரூஸ் ஏவுகணையை நீர்மூழ்கியிலிருந்து நிலத்தை நோக்கிப் போரில் முதலில் ஏவியது 1991இல், வளைகுடாப் போரில். செங்கடலில் இருந்த லூயிவில் என்ற அமெரிக்கப் படகு ஏவியது. டோமஹாக் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் போகும். நம் தேவனாம்பட்டினக் கடலிலிருந்து விட்டால் போபாலையும் தாண்டும், இரண்டு மணி நேரத்துக்குள். தரையை ஒட்டிப் பறப்பதால் தூரத்து ரேடாருக்கு பூமியின் வளைவு அதை மறைத்துவிடும்.

நேற்று நான் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பக்கம் போனபோது இதுதான் மனசில் ஓடியது. 1690இல் நம் ஊர்ப் புனித டேவிட் கோட்டையை வெள்ளைக்காரன் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுகிற தூரம்வரை அவனுக்கு என்று பேச்சு. சுட்டான், விழுந்த இடத்துக்குள் இருந்த ஊரெல்லாம் குண்டு கிராமம். அநியாயம்தான். ஆனால் சுட்டவன் எங்கே நிற்கிறான் என்று ஊருக்குத் தெரிந்தது. இப்போது போபால்காரனுக்குக் கடலே தெரியாது, படகு எங்கே தெரியப்போகிறது?

ஒரு சந்தேகம். நம் கடற்படையின் சிந்துகோஷ் வகை நீர்மூழ்கியில் 18 டார்பிடோவுக்குத்தான் இடமாம். கிளப் என்ற ஏவுகணை ஒன்றை ஏற்றினால் ஒரு டார்பிடோவை இறக்க வேண்டியதுதானே? அமெரிக்காவின் ஓஹையோ வகையில் மாற்றியமைத்த நான்கு படகுகளிலும் தலா 154 ஏவுகணை ஏற்றலாம். அவனுக்குக் கவலையில்லை. நம் கேப்டன் எதை விட்டுவிட்டுப் போவார்? அப்புறம், ஏவியதும் புகையே இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுமே, அந்த நிமிஷம் உள்ளே என்ன செய்வீர்கள்?

பண்ருட்டிப் பலா ஒன்று மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு நாள் வைத்திருந்து வெட்டு. கேட்டதற்குப் பதில் எழுது. ரகசியம் என்றால் உன் முழங்காலைப் பற்றியாவது எழுது.

உன்,
கோவிந்தன்