வெள்ளிக்கிழமை இரவுகளில் உடன் நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மேற்கு டெக்சாஸில், லப்பக் நகருக்குத் தெற்கே, பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிற்றூர் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் சென்ற வெள்ளிக்கிழமையோடு நிறைவடைந்தது. ஆகஸ்ட் வெயிலில் தொடங்கி நவம்பர் குளிர் வரை பத்து ஆட்டங்கள். அடுத்த சுற்றுக்கு எங்கள் அணி தகுதி பெறவில்லை. ஆனால் பத்து ஆட்டங்களையும் ஆடி முடித்தார்கள். இந்த ஆண்டு அதுவே நடக்குமா என்று ஊர் கவலைப்பட்டது.

ஊர்க்காரர்களுக்குப் பருவ நிறைவு விருந்திலேயே எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டேன். லப்பக்கிலிருந்து வந்து உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நம் மொழியில் சொல்ல வேண்டும் என்று மனம் கேட்டது. நீங்கள் யாருக்குத் தோள் கொடுத்தீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆகவே ஊராரைப் பற்றியும் இதில் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லோரையும் சேர்த்தாலும் ஐம்பது பேர் தேற மாட்டார்கள். வழக்கமான அமெரிக்கக் கால்பந்துக்கு ஓர் அணியில் 11 பேர் வேண்டும். இவ்வளவு சிறிய பள்ளிகளுக்காகவே ஆறு பேர் ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய காலத்தில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் அதை வகுத்தார். 1934 செப்டம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹீப்ரன் ஊரில் முதல் ஆட்டம் நடந்தது. மைதானத்தின் நீளம் 100 கெஜத்துக்குப் பதிலாக 80 கெஜம். நான்கு முயற்சிகளில் 10 கெஜம் அல்ல, 15 கெஜம் முன்னேற வேண்டும். எறியும் பந்தை ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். இடைவேளையிலோ அதற்குப் பிறகோ ஓர் அணி 45 புள்ளிகள் முந்தியிருந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். மேற்கு டெக்சாஸ் சிற்றூர்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமை விளக்குகள் எரிவது இந்த ஆட்டத்தால்தான். அந்த ஆசிரியருக்கும் என் நன்றி உரியது.

இந்த ஆண்டு அணியில் ஒன்பது பையன்கள். பந்தோடு முன்னேறுவதும் எதிரணியைத் தடுப்பதும் அதே பையன்கள்தான். இருவருக்குச் சுளுக்கு, ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் ஓய்வெடுக்க மாற்று ஆளே இருக்காது. அதனால்தான் பந்தையே தொட்டிராத என் மகனைத் தேடிப் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பயந்தேன். அவர் அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. தலைக்கவசம் ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்து, உள்ளே இருக்கும் திண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டி, எது நெற்றிக்கு, எது தாடைக்கு, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட அன்றைக்கு அந்தப் பையன் திரும்ப மைதானத்தில் இறங்க முடியாது என்ற விதியையும் சொன்னார். வரலாற்று ஆசிரியரும் அவரே. வெளியூர் ஆட்டங்களுக்குப் பள்ளிப் பஸ்ஸை ஓட்டுபவரும் அவரே. வியாழன் மாலைகளில் மைதானத்தில் வெள்ளைக்கோடு போடுபவரும் அவரே. ஐயா, உங்களை நம்பித்தான் பிள்ளையை அனுப்பினேன். நீங்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினீர்கள்.

இசைக்குழு ஆசிரியைக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை. பெரிய பள்ளிகளில் நூறு பேர் சீருடையில் அணிவகுத்து வாசிப்பார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் ஆட்டக்காரர்களே. இடைவேளை மணி அடித்ததும் என் மகன் தலைக்கவசத்தைப் புல்தரையில் கழற்றி வைத்துவிட்டு, தோள் கவசத்தோடு, முழங்காலில் மண்ணோடு, ட்ரம்பெட்டை வாங்கிக்கொண்டு ஓடுவான். அதன் வாய்ப்பகுதியைச் சட்டை விளிம்பில் துடைத்துவிட்டு வரிசையில் நிற்பான். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும். முதல் சில சுரங்கள் தடுமாறும். அரங்கில் இருந்த ஒருவரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. பள்ளிப் பாடல் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஆசிரியை அந்த மூச்சிரைப்புக்கு இடம் விட்டே இசையை அமைத்திருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

பருத்தி விவசாயிகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டப் பருவமும் பருத்தி அறுவடையும் ஒரே மாதங்களில் வருகின்றன. அக்டோபரில் காய் வெடித்துவிட்டால் ஒவ்வொரு நாளும் காசு. மழையோ காற்றோ வந்தால் பஞ்சு மண்ணில் கிடக்கும். கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்த எனக்கு அந்தத் தவிப்பு தெரியும். அப்படிப்பட்ட நேரத்திலும் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொப்பியில் பஞ்சுத் தூசியோடு மூன்று பேர் வந்து எல்லைக்கோட்டோரம், முன்னேறிய தூரத்தை அளக்கும் 15 கெஜச் சங்கிலியைப் பிடித்து நிற்பார்கள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி வயலுக்குப் போவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்து முடித்து வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கும், வெளியூர் ஆட்ட நாட்களில் பஸ்ஸுக்கு முன்னால் சங்கொலியோடு ஊர் எல்லை வரை வந்த அவர்களுடைய வண்டிக்கும் நன்றி. கடைக் கண்ணாடிகளில் வாழ்த்து எழுதிய சிறுமிகளுக்கும் நன்றி.

இனி நம்மவர்களுக்கு.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஹோம்கமிங் வாரத்தில், மாணவிகள் மார்பில் பெரிய சாமந்திப் பூ அணிவது டெக்சாஸ் வழக்கம். ஒரு காலத்தில் அது உண்மையான பூ. இப்போது பட்டுத் துணிப் பூ. அதிலிருந்து பள்ளி நிறத்தில் நாடாக்களும் சிறு மணிகளும் முழங்கால் வரை தொங்கும். பையன்களுக்குச் சிறியதாக ஒன்று, கையில் கட்டிக்கொள்ள. கடையில் வாங்கினால் விலை அதிகம். எல்லா வீட்டாலும் முடியாது. அதனால் தாய்மார்கள் பள்ளி உணவுக்கூடத்தில் கூடிப் பின்னுவோம். இந்த ஆண்டு லப்பக்கிலிருந்து நீங்கள் வந்தீர்கள். சரம் சரமாய்ப் பூக்கட்டிப் பழகிய விரல்கள் அல்லவா! நாடாவை மடக்கி முடிச்சிடும் முறையை ஒருமுறை பார்த்ததுமே கற்றுக்கொண்டு, இரவு பத்து மணி வரை உட்கார்ந்து பின்னினீர்கள். மறுநாள் பள்ளிக்கு வந்த மாணவிகளில் ஒருத்திகூட மார்பில் பூ இல்லாமல் வரவில்லை. அக்கா, உங்களோடு வந்திருந்த உங்கள் மாமியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கட்டிய பூவை அணிந்த பெண்தான் அன்றிரவு ஹோம்கமிங் அரசியாக முடிசூடினாள். அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

அன்று மாலையே வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. தின்பண்டக் கடையில் வழக்கமாக விற்கும், சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பு ஊற்றிய சிப்ஸோடு, மாணவத் தம்பிகள் இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வைத்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கும் முன்பே பெரிய பாத்திரம் காலியானது. அந்தக் கடையின் வருமானத்தில்தான் அணியின் வெளியூர்ப் பயணச் சாப்பாடு நடக்கிறது. தம்பிகளே, பரீட்சை நெருங்கும் நேரத்தில் வந்தீர்கள், மறக்க மாட்டேன்.

கடைசியாக, எதிரணி ஊருக்கு. கடைசி ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் கீழே விழுந்து எழாமல் கிடந்தபோது, இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரு முழங்காலை ஊன்றி அமைதியாகக் காத்திருந்தார்கள். அவனுடைய தாய் அன்று வேலையில் இருந்தார், வர முடியவில்லை. எதிர்ப்பக்க அரங்கிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்து, ஆம்புலன்ஸ் கதவு மூடும் வரை அவன் கையைப் பிடித்திருந்தார். கணுக்கால் எலும்பில் விரிசல். இப்போது ஊன்றுகோலோடு பள்ளிக்கு வருகிறான், நன்றாக இருக்கிறான். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு வைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு எங்கள் ஊரின் வணக்கம்.

டிசம்பர் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்பது பையன்களும் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். லப்பக்கிலிருந்து நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். இட்லி வேண்டும் என்று இப்போதே கேட்டுவிட்டார்கள். மாவரைக்கும் இயந்திரம் யாரிடமாவது கூடுதலாக இருந்தால் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
ஆட்டக்காரன் ஒருவனின் தாய்